சரக்கு எது? இனாம் எது?

சென்ற சனிக்கிழமை விருதுநகர் பஜாரில் ஒரு சண்டை. ஓரமாக நின்று முழுவதையும் பார்த்தேன் – டிக்கெட் இல்லாமல்.

ஒரு மளிகைக் கடை. முகப்பில் ‘தேயிலை பாக்கெட் ஒன்றுக்கு ஸ்பூன் ஒன்று இனாம்’ என்று அட்டை தொங்குகிறது. தேயிலை இருக்கிறது. ஸ்பூன் தீர்ந்துவிட்டது. கடைக்காரர் பாக்கெட்டை மட்டும் நீட்ட, வாங்க வந்த அம்மாள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“ஸ்பூன் எங்க?”

“தீந்து போச்சும்மா. அது சும்மா குடுக்கறதுதான? நீங்க காசு குடுக்கறது தேயிலைக்கு.”

“யாரு சொன்னா தேயிலைக்குன்னு? எங்க வீட்டுல எல்லாரும் காப்பி!”

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்த அம்மாள் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்... வாங்க வந்த கடுகை மறந்துவிட்டு நடையைக் கட்டினேன்.

ஆனால் அவர் சொன்னதில் என்ன தப்பு? ஒரு கம்பெனி எதை விற்பதாக நினைக்கிறதோ, அதைத்தான் ஜனங்கள் வாங்குகிறார்களா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஒரு கம்பெனி தள்ளாடியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டுமா? தள்ளாட வைத்த கடிதத்தை டைப் அடித்ததே நான்தான்.

பத்து வருஷம் இருக்கும். எழுத வருவதற்கு முன்னால் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். அப்பா சாத்தூரில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். அக்கா சிவகாசியில் நர்ஸ். அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிய தைரியத்தில் வேலை கேட்டுப் போனேன்.

முதலாளி அருணாசல அண்ணாச்சி என் சர்ட்டிபிகேட்டைப் பார்க்கவே இல்லை. மிஷினைத் தட்டிக் காட்டச் சொன்னார். தட்டினேன். இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டு கேட்டார்.

“ஏம்மா, இதுல பொறி கிறி பறக்குமா?”

பறக்காது என்றேன். அவர் நம்பவில்லை. இரும்பும் இரும்பும் உரசினால் என்ன ஆகும் என்பது பட்டாசுக்காரருக்குத் தெரியாதா? ஆகவே வெடி செய்யும் ஷெட்டுகளிலிருந்து வெகு தூரம் தள்ளி, கேட்டுக்குப் பக்கத்தில், வேப்ப மரத்தடியில் எனக்கென்று ஒரு தனி அறை கொடுத்தார். கம்பெனியில் முதலாளிக்குக்கூடத் தனி அறை கிடையாது. அக்காவிடம் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் பெருமை அடித்துக்கொண்டேன்.

அந்த அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கம்பெனி எப்படி நடக்கிறது என்பது நன்றாகத் தெரியும். தீபாவளிக்கு முன் பத்து நாளில் விற்கப்போகும் சரக்கை வருஷம் முழுக்கச் செய்ய வேண்டும். அதற்கு ஆர்டர் வேண்டும். ஆர்டர் வருவது தை, மாசியில். வந்தால்தான் ஷெட்டுகளில் வேலை.

ஆர்டர் பிடிப்பவர் டிராவலர் பொன்னுச்சாமி. மார்கழியில் பஸ் ஏறுவார். ஒரு கையில் தோல் பை, கக்கத்தில் சுருட்டிய காலண்டர்கள். காலண்டரில் இருக்கன்குடி மாரியம்மன் படம், அடியில் எங்கள் கம்பெனி பெயர், அதற்கும் அடியில் அந்தந்த ஊர் வியாபாரியின் கடைப் பெயர். ஆளுக்கு முன்னூறு, நானூறு என்று பார்சலில் போய்விடும். வியாபாரி அதைத் தன் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுப்பார். தை பிறந்ததும் பொன்னுச்சாமி மறுபடி போய் ஆர்டர் எழுதிக்கொண்டு வருவார்.

ஆக, வெடி என்பது சரக்கு. காலண்டர் என்பது இனாம். அண்ணாச்சி அப்படித்தான் நினைத்தார். நானும்தான்.

ஒரு வருஷம் தீபாவளி சீசன் நன்றாகப் போயிற்று. வேண்டுதலை நிறைவேற்ற இருக்கன்குடிக்குப் போன அண்ணாச்சி, மொட்டைத் தலையும் சந்தனமுமாகத் திரும்பி வந்தார். தலை குளுகுளுவென்று இருந்திருக்கும். ஆனால் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தார்.

“கத்தரி வச்சு வெட்டியிருக்காம்மா!”

“என்னத்தை அண்ணாச்சி?”

“நம்ம காலண்டரை! அங்கன ஒரு டீக்கடையில பாத்தேன். கம்பெனி பேரு, தேதி அம்புட்டையும் வெட்டி எறிஞ்சுட்டு அம்மனை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கான். ஊதுவத்தி வேற! நான் செலவு பண்ணுவேன், அவன் கும்பிட்டுக்கிடுவானா?”

“வருஷம் முடிஞ்சா தேதியை வச்சிக்கிட்டு என்ன பண்ணுவாங்க?”

“தேதி போய்த் தொலையட்டும். பேரு?”

ஊதுவத்திப் புகைக்குப் பக்கத்தில் வெடிக் கம்பெனிப் பெயர் இல்லாததே நல்லது என்று சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும்.

திரும்பி வரும் வழியில் ஒரு சலூனிலும் அதே மாதிரி கண்டாராம். அதோடு அவர் தீர்மானத்துக்கு வந்துவிட்டார். அச்சாபீசுக்குக் கொடுத்திருந்த காலண்டர் ஆர்டரை ரத்து செய்தார். எனக்கு ஒரு கடிதம் சொன்னார். நான் அதை நல்ல தமிழில் அழகாக அடித்தேன்.

‘இவ்வருடம் முதல் காலண்டர் அனுப்பப்படமாட்டாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். அதற்குப் பதிலாக, இருபது பெட்டிகளுக்கு மேல் ஆர்டர் தரும் வியாபாரிகளுக்கு ஆட்டம்பாம் ஒரு பெட்டி இனாமாக வழங்கப்படும்.’

அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். “காகிதத்துக்குப் பதிலா வெடியே குடுக்கோம். ஓடி வருவாக பாரு.”

வந்தது போஸ்ட்கார்டுதான்.

காரியாபட்டி வியாபாரி எழுதியிருந்தார்: ‘காலண்டர் இல்லை என்ற சேதி அறிந்து மிகவும் துக்கம். தாங்கள் மனதைத் தேற்றிக்கொள்ளவும்.’ யாரோ போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரி! இன்னொருவர் கொஞ்சம் குறும்புக்காரர் போலிருக்கிறது: ‘தாங்கள் அனுப்பவிருக்கும் ஆட்டம்பாமைச் சுவரில் மாட்டும் விதத்தையும் தெரிவிக்கவும்.’

அண்ணாச்சி அசரவில்லை. பொன்னுச்சாமி நேரில் போனால் சரியாகிவிடும் என்றார். பொன்னுச்சாமி தையில் போனார். மாசியில் வந்தார். ஆர்டர் புத்தகத்தில் பாதி, போனது போலவே புத்தம் புதிதாகத் திரும்பி வந்தது.

“ஏலே, சரக்கு சரியில்லைங்காகளா?”

“சரக்கைப் பத்தி யாரு பேசுதா அண்ணாச்சி? கடையில காலெடுத்து வைக்கும்போதே என் கக்கத்தைத்தான் பாக்காக. சுருள் இல்லன்னதும் என்னைய அடையாளமே தெரியல. ஒரு ஊருல இன்ஸ்யூரன்ஸ் ஏஜென்ட்டுன்னு நினைச்சு ஆளு உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டாரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணாச்சி முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

“காரியாபட்டிக்காரரு பழைய ஆளாச்சே. அவருமா?”

“அவருதான் உக்கார வச்சு வெவரமாச் சொன்னாரு. ‘யோவ், நான் வருசத்துல பத்து நாளு வெடி விக்கேன். மிச்ச நாளெல்லாம் பருப்பும் எண்ணெயும். அந்தக் காலண்டர்ல என் கடை பேரு இருந்துச்சு. முன்னூறு வீட்டுல காலையில முழிச்சதும் என் கடை பேருலதான் முழிக்கான். வருசம் முடிஞ்சப்புறம் வெட்டுனா வெட்டிட்டுப் போறான். எனக்கு என்ன? அதுக்காகத்தான் ஒங்ககிட்ட வெடி வாங்குனேன். வெடி எவன்கிட்டதான் இல்ல?’ன்னுட்டாரு. காலண்டர் குடுத்த வேற கம்பெனிக்கு ஆர்டரையும் குடுத்துட்டாரு.”



யோசித்துப் பாருங்கள். எத்தனை வருஷமாக அண்ணாச்சி மருந்து இடித்து, திரி வைத்து, சரம் பின்னி, லாரியில் லோடு ஏற்றி அனுப்பினார்! அங்கே கடைக்காரர் வாங்கியதோ முன்னூறு வீட்டுச் சுவரை. வெடிக்குக் கொடுத்த காசு அந்தச் சுவருக்கு வாடகை. எங்கள் கம்பெனியில் உண்மையான சரக்கு எது என்று காரியாபட்டிக்குத் தெரிந்திருக்கிறது. சிவகாசிக்குத் தெரியவில்லை.

அண்ணாச்சி தலையைத் தடவினார். மொட்டை போட்ட தலையில் இதற்குள் முடி முளைத்துவிட்டிருந்தது. கூடவே யோசனையும் முளைத்தது.

“அப்போ ஒண்ணு செய்வோம். காலண்டரை வெலைக்கு விப்போம். வெடியை இனாமாக் குடுத்துருவோம்!”

“விலைன்னு சொன்னா யாரும் வாங்கமாட்டாங்க அண்ணாச்சி. சும்மா வருதுன்னுதான் அதுக்கு அம்புட்டு ஆசை,” என்றேன்.

“வெலை வச்சா வேண்டாங்கான். சும்மா குடுத்தா அதுக்காக எதை வேணாலும் வாங்குதான். இது என்னம்மா வியாபாரம்?”

இந்தக் கேள்விக்கு எந்த காமர்ஸ் புத்தகத்தில் பதில் இருக்கிறது? இருந்தாலும் நேரம் கடந்துவிட்டது. மாசி முடியப் போகிறது. பாதி வருஷ வேலைக்கு ஆர்டர் இல்லை. ஜனவரி காலண்டரை மார்ச்சில் அடித்தால் யார் மாட்டுவார்கள்? அண்ணாச்சி மறுநாள் காலை என் அறைக்கு வந்தார். என் மிஷினுக்குப் பக்கத்தில் அவர் அவ்வளவு நெருங்கி நின்றது அதுதான் முதல் தடவை. சரம் பின்னும் ஷெட்டைப் பங்குனி முதல் தேதியிலிருந்து நிறுத்தப்போவதாக நோட்டீஸ் அடிக்கச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

சரம் பின்னும் ஷெட்டில் நாற்பது பெண்கள். மத்தியானம் என் அறை வாசல் வேப்பமர நிழலில்தான் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். எனக்கும் ஒரு கை சோறு வரும். ஒவ்வொருத்தி வீட்டிலும் எத்தனை பேர், யாருக்கு என்ன சீக்கு, எல்லாம் எனக்குத் தெரியும். பேப்பரை மிஷினில் சுற்றிவிட்டேன். ‘நோட்டீஸ்’ என்று அடித்தேன். அதற்கு மேல் விரல் எழும்பவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது – அழுதேன். அந்தக் காலண்டர் கடிதத்தை எவ்வளவு ரசித்து அடித்தேன்! ‘தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று வேறு...

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தாள் இருளாயி. சரம் ஷெட்டின் கண்காணி. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் முகம் படிப்பாள்.

“டைப்பம்மா, என்ன அழுதுக்கிட்டு இருக்கீக? வீட்டுல யாருக்கும் சுகமில்லையா?”

சொல்லிவிட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

இருளாயி அழவில்லை. கோபம்தான் வந்தது. “நல்லா இருக்குது நாயம்! இப்பப் போயி தீப்பெட்டி ஆபிசுல நின்னா எடம் குடுப்பாகளா? அங்கன தையிலயே ஆளு எடுத்து முடிச்சுட்டாக. நாப்பது பேரும் எங்க போவோம்? நாங்க பின்னுன சரத்துல ஒண்ணாச்சும் நமுத்துப் போச்சா?”

“வெடியில குறை இல்ல இருளாயி. காலண்டர் குடுக்கல. அதான் ஆர்டர் வரல.”

“அப்பக் குடுக்க வேண்டியதுதான?”

“வருஷம் பிறந்து மூணு மாசம் ஆகப்போகுதே.”

இருளாயி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். படித்த பெண்ணுக்கு இது தெரியாதா என்கிற பார்வை.

“எந்த வருசம்?”

“இந்த வருஷந்தான். ஜனவரியில பிறந்துச்சே.”

“எங்க வீட்டுல வருசம் சித்திரையிலதான் பொறக்கும். இன்னும் பொறக்கவே இல்ல. ஒங்க ஆபிசுல மட்டும் யாருக்கும் சொல்லாம முன்னாடியே பொறந்துருச்சா?”

நான் வாயைப் பிளந்தேன். அவள் விடவில்லை.

“ஒரு ஆணியில ஒரு காலண்டர்தான மாட்டலாம்? சனவரி ஆணியில வேற கம்பெனிக்காரன் மாட்டிட்டான். சரி, போறான். சித்திரை ஆணி சும்மாத்தான கெடக்குது? நல்ல நாளு, கரி நாளு, அமாவாசை எல்லாம் போட்டு ஒண்ணு குடுங்க. எவன் வேண்டாம்பான்?”

மிஷினிலிருந்து பேப்பரை உருவிக் கசக்கினேன். இருளாயி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முதலாளியிடம் ஓடினேன். வெடிக் கம்பெனிக்குள் ஓடக்கூடாது என்பது முதல் விதி. அன்று அதையும் மீறினேன்.

அண்ணாச்சி முழுவதையும் கேட்டார். நாற்காலியிலிருந்து எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். “இம்புட்டு நாளு இது எவனுக்கும் தோணலையேலே!” என்று பொன்னுச்சாமியைப் பார்த்து ஒரு அதட்டல். பொன்னுச்சாமி என்ன செய்வார் பாவம்.

“யோசனை சொன்னவளுக்கு என்ன வேணும்? கேளு.”

“எங்க நாப்பது பேருக்கும் ஆளுக்கு ஒரு காலண்டர் வேணும் மொதலாளி.”

அண்ணாச்சி முகம் சுருங்கியது. “அது வியாபாரிகளுக்குக் குடுக்கறதுல்லா? நீங்க என்ன ஆர்டரா குடுக்கப் போறீக?”

“வியாபாரி வீட்டுச் சுவத்துல மாட்டுனா அவுக திரும்ப ஒங்ககிட்ட வாறாக. எங்க சுவத்துல மாட்டுனா நாங்க திரும்ப வரமாட்டமா?”

அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். நாற்பது காகிதம் தண்டம் என்று அவர் நினைத்தது முகத்தில் அப்படியே தெரிந்தது.

ஆனால் அச்சாபீசுக்குப் போனதும் அவருடைய பழைய காயம் விழித்துக்கொண்டது. இந்தத் தடவை கம்பெனிப் பெயரைக் கத்தரியால் வெட்ட முடியக்கூடாது! எங்கே போடுவது? அம்மன் காலடியில் ஒரு ஆட்டம்பாம் பெட்டியை வரையச் சொன்னார். பெட்டி மேல் கம்பெனி பெயர். வெட்டினால் அம்மன் பாதமும் சேர்ந்து போகும். அதற்கு எவனுக்குத் துணிச்சல் வரும்?

படம் போடுகிறவர் பதறிப் போனார். “சாமி காலடியில வெடியா? எலுமிச்சம்பழம் போட்டுத் தாறேன் அண்ணாச்சி.”

“எலுமிச்சம்பழத்துல எம்பேரை எழுதுவீகளா?”

எழுத முடியாது. கடைசியில் சமாதானம் ஆயிற்று. ஒரு பக்கம் எலுமிச்சம்பழம், ஒரு பக்கம் தேங்காய், நடுவில் பயபக்தியோடு ஒரு ஆட்டம்பாம் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை தோறும் சர்ச்சுக்குப் போகிற நான்தான் அந்தப் படத்துக்குப் புரூஃப் பார்த்தேன். அமாவாசை, பௌர்ணமி எல்லாவற்றையும் பஞ்சாங்கத்தோடு இரண்டு தரம் ஒத்துப் பார்த்தேன். அக்கா வீட்டில் இதைச் சொல்லவில்லை.

பங்குனிக் கடைசியில் பொன்னுச்சாமி கக்கத்தில் சுருளோடு பஸ் ஏறினார். இந்தத் தடவை எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது! காரியாபட்டிக்காரர் பாதி ஆர்டரைத்தான் வேறு இடத்தில் கொடுத்திருந்தேன் என்று மனசாட்சியைக் கொஞ்சம் வளைத்துச் சொல்லி, மீதிப் பாதியை எங்களுக்குக் கொடுத்தார். வைகாசியில் சரம் ஷெட்டில் நாற்பது பேரும் வேலையில் இருந்தார்கள். என் வேப்பமர நிழலுக்குத் தூக்குச்சட்டிகள் வந்தன. எனக்கு ஒரு கையும் வந்தது.

ஐப்பசியில்தான் யாரும் எதிர்பாராதது நடந்தது. ஊர் ஊராக போஸ்ட்கார்டு. ‘அம்மன் காலடி வெடி இன்னும் பத்துப் பெட்டி அவசரம்.’ அது என்ன வெடி? அப்படி ஒரு அயிட்டமே எங்களிடம் கிடையாதே! விசாரித்தால், வீடுகளில் பெண்கள் அம்மனுக்குக் குங்குமம் வைக்கும்போது எலுமிச்சம்பழத்துக்கு ஒன்று, தேங்காய்க்கு ஒன்று, நடுவில் இருந்த பெட்டிக்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள். தீபாவளிக்குக் கடைக்குப் போய், குங்குமம் வைத்த பெட்டியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

“நான் அன்னைக்கே சொன்னேன்ல?” என்றார் அண்ணாச்சி. எதைச் சொன்னார், எப்போது சொன்னார்? முதலாளிகள் அப்படித்தான். வாய்த்தது எல்லாம் அவர்கள் முன்கூட்டியே போட்ட திட்டம்.

தீபாவளி முடிந்து கம்பெனி மூடி, தையில் மறுபடி திறந்தோம். சிவகாசியில் முதலாளிகளுக்குப் பரீட்சை நாள் அது. போன சீசனில் பழகிய கைகள் இந்த சீசனில் திரும்ப வருமா என்று யாருக்கும் தெரியாது. தீப்பெட்டி ஆபிஸ்காரர்கள் முன்பணம் கொடுத்து ஆளை இழுத்துப் போய்விடுவார்கள். முந்தின வருஷங்களில் முதல் நாள் பத்துப் பேர் வந்தாலே அதிகம். மிச்சப் பேரைத் தேடிப் பொன்னுச்சாமி தெருத்தெருவாக அலைவார்.

அன்று காலை அண்ணாச்சி கேட்டில் வந்து நின்றார். நான் ஜன்னலில் நின்றேன். முன்னால் இருளாயி வந்தாள். பின்னால் வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள். அண்ணாச்சி விரல் விட்டு எண்ணினார். நாற்பத்து மூன்று!

“மூணு பேரு யாரு புதுசா?”

“தீப்பெட்டி ஆபிசுல இருந்தவுக மொதலாளி. எங்க வீட்டுல பாத்துட்டு வந்திருக்காக.”

மூவரில் ஒருத்தி தயங்கித் தயங்கி முன்னால் வந்து, வேலை என்ன, கூலி என்ன என்று எதுவும் கேட்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“சித்திரைக்குக் காலண்டர் உண்டுல்ல?”

அண்ணாச்சி இருளாயியைப் பார்த்தார். தண்டம் என்று நினைத்த நாற்பது காகிதம் அவர் கண்ணுக்குள் ஓடியிருக்க வேண்டும். “உண்டும்மா, உண்டு,” என்று வழிவிட்டு ஒதுங்கி நின்றார். ஒரு முதலாளி தன் கேட்டில் ஒதுங்கி நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இந்தக் கதையை நம் பத்திரிகை ஆசிரியரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவே இல்லை. பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார். விளைவு – இந்தச் சித்திரை இதழோடு உங்களுக்கு ஒரு காலண்டர் இனாம்.

காலண்டரை உருவிக்கொண்டு பத்திரிகையைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களே... போவதற்கு முன் இந்தப் பக்கத்தையாவது நின்றபடியே படித்துவிட்டுப் போங்கள்!